சபை நூலகத்தில் வேதபாட அலமாரி: எதை முதலில் வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட் சபைகளில் ஆயர் எல்லா ஞாயிறும் வர முடியாது. மற்ற வாரங்களில் உபதேசியாரோ, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரோ, வாலிபர் ஐக்கியத்தில் ஒருவரோ வேதபாடம் எடுப்பார். அவர் கையில் இருப்பது ஒரு வேதாகமமும் ஒரு ஃபோனும்தான். அவருக்குத் துணையாகச் சபையில் ஓர் அலமாரி அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இப்படி ஓர் அலமாரியை அமைத்து, அதை வைத்துப் புதியவர்கள் பாடம் தயாரிப்பதைப் பல முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். விளக்கவுரையை முதலில் வாங்குகிறார்கள், அதையே முதலில் திறக்கிறார்கள். அதற்குப் பிறகு வசனத்தைத் தாங்களாக வாசிப்பதே இல்லை. கீழே உள்ள வரிசையில் விளக்கவுரை கடைசியில் வருவதற்குக் காரணம் அதுதான்.

1. வாங்கும் முன் ஒரு மாதம் கேள்விகளை எழுதுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி என்று எங்கே வேதத்தைப் பற்றிக் கேள்வி வந்தாலும் அன்றைக்கே அதில் எழுதுங்கள். கேட்டவர் பெயர் வேண்டாம். கேள்வியும் வசனமும் போதும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கேள்விகள் நான்கு வகையாகப் பிரியும். இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இது எங்கே இருக்கிற ஊர், இந்த வசனம் எந்த அதிகாரத்தில் வருகிறது, இதை எப்படிப் புரிந்துகொள்வது. முதல் மூன்றுக்கும் அகராதியும் வரைபடமும், ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவும் பதில் சொல்லும். நான்காவதற்கு மட்டுமே விளக்கவுரை வேண்டும். எங்கள் நோட்டில் முக்கால்வாசிக் கேள்விகள் முதல் மூன்று வகைதான். இதைப் பார்க்காமல் கடைக்குப் போனால், பாதிப் பணம் தேவையில்லாத தடித்த புத்தகங்களுக்குப் போய்விடும்.

2. இடமும் ஆளும்

பூட்டுப் போடக்கூடிய ஓர் இரும்பு பீரோ, அதன் பக்கத்தில் ஒரு மேசை, நல்ல வெளிச்சம். மேசை கட்டாயம் வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று புத்தகங்களை விரித்து வைக்க இடமில்லாவிட்டால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் பீரோ திறக்காது. இரண்டு முறை பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாவது முறை வரமாட்டார்.

3. முதல் வாங்கல்: இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள், ஒரு மலையாளம், ஓர் ஆங்கிலம்

சபையில் எல்லாரும் வைத்திருப்பது பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம். ஆராதனையில் வாசிப்பதும் அதுதான், மனப்பாடம் செய்திருப்பதும் அதுதான். அதில் ஒத்தவாக்கியங்கள் அச்சிட்ட பதிப்பாக ஒன்று வாங்குங்கள். ஓரத்திலோ நடுவிலோ சின்ன எழுத்தில் வரும் அந்தக் குறிப்புகள், ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும். பலர் அந்த எழுத்தை ஒருநாளும் பார்த்ததே இல்லை.

அதன் பக்கத்தில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வையுங்கள். "அது கத்தோலிக்கர் வேதம் அல்லவா?" என்று கமிட்டியில் கேட்பார்கள். ஆராதனையில் வாசிக்கப் போவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லுங்கள். ஒப்பிடுவதால் என்ன பயன் என்பதற்கு எங்கள் லயத்து ஜெபக்கூட்டத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

யோவான் 4ஆம் அதிகாரம், சமாரியா ஸ்திரீ. "ஐயா, அந்தம்மா சாயங்காலம் ஆறு மணிக்கா தண்ணி எடுக்க வந்தாங்க?" என்று ஓர் அக்கா கேட்டார். பாடம் எடுத்த தம்பி ஆமாம் என்று சொல்லி, இருட்டும் நேரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பழைய மொழிபெயர்ப்பில் "ஆறாம்மணி வேளை" என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் யூதேயாவில் பகல் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். அதனால் ஆறாம் மணி என்பது நடுப்பகல். திருவிவிலியத்தைத் திறந்தால் அங்கே நண்பகல் என்றே இருக்கும். யாரும் தண்ணீர் எடுக்க வராத உச்சிவெயிலில் அவள் ஏன் தனியாக வந்தாள் என்ற கேள்வி அப்போதுதான் எழும். பாடத்தின் திசையே மாறிவிடும்.

மலையாள வேதாகமம் ஏன்? நம் பிள்ளைகளில் பலர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் பழைய மொழிபெயர்ப்பின் நடையை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது சோர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பழகிய எழுத்தில் ஒரு பிரதி இருந்தால் பாடத்தில் கலந்துகொள்வார்கள். ஆங்கிலப் பிரதி எதற்கு என்பது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

4. புத்தகப் பெயர்களின் பட்டியலைக் கதவில் ஒட்டுங்கள்

சின்ன வேலை. ஆனால் இதைச் செய்யாமல் அலமாரியைத் திறந்துவிடாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் என்பது திருவிவிலியத்தில் தொடக்கநூல், மலையாளத்தில் உல்பத்தி. யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், மலையாளத்தில் புறப்பாடு. உபாகமம் இணைச் சட்டம் ஆகிறது, மலையாளத்தில் ஆவர்த்தனம். சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள், பிரசங்கி சபை உரையாளர். புதிதாக வருபவர் இரண்டு நிமிடம் தேடிவிட்டு, "இதில் உபாகமமே இல்லை" என்று மூடி வைத்துவிடுவார்.

66 பெயர்களையும் மூன்று வரிசையாக ஒரு தாளில் எழுதி, பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருக்கும். கூடுதலாக உள்ள 7 பெயர்களையும் அடியில் தனியாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் சங்கீதங்களின் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். ஏனென்றால் அவை 9, 10 இரண்டையும் ஒன்றாக எண்ணுகின்றன. 23ஆம் சங்கீதம் அவற்றில் 22. கலப்புக் குடும்பங்கள் உள்ள நம் டிவிஷன்களில் பாட்டி வைத்திருந்த பழைய புத்தகத்தோடு யாராவது வருவார்கள். அப்போது இது உதவும்.

5. சொல்லடைவு: அதிகம் பயன்படுவதும் அதிகம் தவறாகப் பயன்படுவதும்

கன்கார்டன்ஸ் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் புத்தகம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று வாங்குங்கள்.

தமிழ்ச் சொல்லடைவை வாங்கும்போது அது எந்த மொழிபெயர்ப்புக்குச் செய்யப்பட்டது என்று முதல் பக்கங்களில் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்புக்குச் செய்த சொல்லடைவை வைத்துத் திருவிவிலியத்தில் தேட முடியாது. இங்கே இரட்சிப்பு என்றால் அங்கே மீட்பு, இங்கே நீதிமான் என்றால் அங்கே நேர்மையாளர்.

தேடும் முறையைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். பாதி நினைவிருக்கும் வசனத்தைத் தேடும்போது, அதில் அரிதான சொல் எதுவோ அதை எடுக்க வேண்டும். "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்" என்பது எங்கே? தண்ணீர் என்று தேடினால் பக்கம் பக்கமாகப் போகும். கடக்கும் என்று தேடினால் ஏசாயா 43:2 சீக்கிரம் கிடைத்துவிடும். சொல்லின் உருபு மாறுவதையும் நினைவில் வையுங்கள். மரம் என்ற தலைப்பில் இல்லாதது மரத்தை, மரங்கள் என்ற இடத்தில் இருக்கலாம், விருட்சம் என்ற சொல்லிலும் இருக்கலாம்.

அகரவரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜெபம், ஜனங்கள், ஸ்தோத்திரம், ஸ்திரீ போன்ற சொற்கள் சில புத்தகங்களில் வகர வரிசைக்குப் பிறகு கடைசியில் வரும். வேறு சிலவற்றில் சகரத்தோடு சேர்ந்து வரும். புத்தகம் வந்த அன்றே பார்த்து, உள்அட்டையில் "ஜ, ஸ கடைசியில்" என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அந்தச் சொல்லே புத்தகத்தில் இல்லை என்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் வாங்க வேண்டியது ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ். 1890இல் முதலில் வந்தது. கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும், அதற்குப் பின்னால் உள்ள எபிரெய அல்லது கிரேக்கச் சொல்லின் எண்ணைத் தரும். கடைசியில் அந்த எண்களுக்குச் சின்ன அகராதி இருக்கும். அலமாரியில் ஆங்கில வேதாகமம் வேண்டும் என்றது இதற்காகத்தான். தமிழ் வசனத்திலிருந்து கிங் ஜேம்ஸுக்குப் போய், அங்கிருந்து எண்ணுக்குப் போக வேண்டும். நேர் வழி அந்தப் புத்தகத்தில் இல்லை.

இந்தச் சுற்றுவழி ஏன் தேவை? 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறது. பவுலின் நிருபங்களிலும் கிருபை என்ற சொல் நிறைய. தமிழ்ச் சொல்லடைவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கும். ஒரே சொல் என்று நினைத்துப் பாடம் கட்டிவிடுவோம். ஸ்ட்ராங்ஸில் பார்த்தால் சங்கீதத்தில் உள்ளது ஹெசெத் என்ற எபிரெயச் சொல், எண் 2617. உடன்படிக்கைக்கு உண்மையாக நின்று காட்டும் மாறாத அன்பு அது. நிருபங்களில் உள்ளது காரிஸ் என்ற கிரேக்கச் சொல், எண் 5485. தகுதி பாராமல் தரும் தயவு. திருவிவிலியம் அந்தச் சங்கீதத்தில் பேரன்பு என்று மொழிபெயர்த்திருப்பதன் காரணம் அப்போது புரியும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்று அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, அது இன்னும் ஆபத்தானது. யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதலில் "அன்பாயிருக்கிறாயா" என்றும், பேதுருவின் பதிலில் "நேசிக்கிறேன்" என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறது. கிரேக்கத்தில் அகபாவோ, பிலேயோ என்று இரண்டு வினைச்சொற்கள். ஸ்ட்ராங்ஸ் எண் 25, 5368. இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், ஒன்று தெய்வீக அன்பு, மற்றது வெறும் மனித அன்பு என்று முழுப் பாடத்தையும் அதன்மேல் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே யோவான், பிதா குமாரன்மேல் வைத்த அன்பைச் சொல்ல 3:35இல் ஒரு சொல்லையும் 5:20இல் மற்றச் சொல்லையும் பயன்படுத்துகிறார். பிதாவின் அன்பு வெறும் மனித அன்பா? எண்ணைக் கண்டதும் நின்றுவிடாமல், அந்த எண் வரும் மற்ற வசனங்களையும் பார்த்த பிறகே பேச வேண்டும். சொல்லடைவு இருப்பதே அதற்குத்தான்.

6. வேதாகம அகராதி

ஆள், ஊர், பொருள், பண்டிகை, அளவை எல்லாவற்றுக்கும் இதுதான். ஒரே தொகுதியாக உள்ள ஒன்று போதும். தமிழில் ஒன்று வாங்குங்கள். ஆங்கிலம் படிப்பவர்கள் இருந்தால் நியூ பைபிள் டிக்‌ஷனரியையும் வாங்கலாம். அது 1962இல் முதலில் வந்து பிறகு திருத்தப்பட்டது, பின்னால் வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஜனங்களுக்கு அகராதியில் உடனே பயன்படுவது அளவைகளும் நாணயங்களும். தாலந்து என்றால் இன்றைக்குத் தமிழில் திறமை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பாட்டுப் பாடுவது தாலந்து, படம் வரைவது தாலந்து. அகராதியைத் திறந்தால் அது ஒரு எடை, பெரிய தொகைப் பணம் என்று வரும். ஒரு தாலந்து சுமார் 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் கூலி. கொழுந்து எடுக்கும் ஒருவர் வருடம் 300 நாள் வேலை செய்தால் 20 வருடச் சம்பளம். மத்தேயு 25இல் "ஒரே ஒரு தாலந்து" பெற்றவனைப் பரிதாபமாகப் பார்க்கிறோமே, அவன் கையில் இருந்தது அவ்வளவு!

மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த வெள்ளிப்பணமும் தெனாரியம்தான். கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலியும் 100 நாள் கூலியும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது எங்கள் வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

7. வரைபட நூல்

வேதாகமத்தின் கடைசியில் நாலு வரைபடம் இருக்கிறதே, போதாதா? போதாது. அவற்றில் மேடு பள்ளம் சரியாகத் தெரிவதில்லை. மலையில் வாழும் நமக்கு உயரம்தான் சீக்கிரம் புரியும்.

லூக்கா 10இல் ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிறான். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 250 மீட்டர். சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம், அதுவும் வறண்ட பாறைப் பள்ளத்தாக்கு வழியாக. போடிமெட்டிலிருந்து போடிக்கு நடந்து இறங்குவதை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கள்ளர் ஒளிந்திருக்க இடம் எங்கே என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. உயரங்களை நிறத்தால் காட்டும் வரைபட நூலாக வாங்குங்கள்.

8. விளக்கவுரை: கடைசியில், கொஞ்சமாக

முழு வேதாகமத்துக்கும் ஒரே தொகுதியாக உள்ள விளக்கவுரை ஒன்று வாங்குங்கள். அப்புறம் சபையில் இப்போது எந்தப் புத்தகத்தைப் படிக்கிறீர்களோ அதற்கு மட்டும் தனி விளக்கவுரை இரண்டு. ரோமர் படிக்கும் வருடத்தில் ரோமருக்கு, அடுத்த வருடம் அடுத்தது. மொத்தத் தொகுப்பாக வாங்கினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் எசேக்கியேல் தொகுதியைப் பத்து வருடம் ஒருவரும் தொடமாட்டார்.

ஏன் இரண்டு? ஒன்றை மட்டும் வைத்தால் அவர் சொன்னதே வேதம் ஆகிவிடும். இரண்டு பேர் வேறுபடும் இடத்தில்தான் வாசிப்பவர் திரும்ப வசனத்துக்குப் போவார்.

வாங்கும் முன் முன்னுரையைப் படியுங்கள். எந்தச் சபைப் பாரம்பரியத்திலிருந்து எழுதுகிறார், எந்த ஆண்டில் எழுதினார், தியானத்துக்காகவா, வசன ஆராய்ச்சிக்காகவா என்பது அங்கே தெரிந்துவிடும். மத்தேயு ஹென்றியின் விளக்கவுரை பல வீடுகளில் இருக்கிறது. தியானத்துக்கு இன்றும் எனக்குப் பிடித்தது. ஆனால் அவர் 1714இல் இறந்துவிட்டார், ரோமர் முதலான நிருபங்களின் பகுதியை மற்றவர்கள் எழுதி முடித்தார்கள். பழங்கால வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் அடங்கிய சவக்கடல் சுருள்கள் கிடைத்தது 1947இல். அதற்கு முன் எழுதியவர்களிடம் அந்தச் செய்தி எதுவும் இருக்காது. வில்லியம் பார்க்லேயின் புதிய ஏற்பாட்டு வரிசை, அந்தக் காலத்துப் பழக்கவழக்கங்களைத் தெளிவாகச் சொல்லும், வகுப்புக்கு மிகவும் உதவும். அற்புதங்கள் சிலவற்றுக்கு அவர் தரும் விளக்கங்களைப் பலர் ஏற்பதில்லை. இதை அட்டையின் உள்ளே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் புதியவர் குழம்பமாட்டார்.

ஆய்வு வேதாகமத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் வசனத்துக்குக் கீழேயே குறிப்புகள் இருக்கும். கூட்டத்தில் வாசிக்கும்போது சிலர் குறிப்பையும் சேர்த்து வசனமாகவே வாசித்துவிடுகிறார்கள். கேட்பவர்களும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அலமாரியில் ஒன்று இருக்கட்டும், தயாரிப்புக்கு மட்டும். பாடம் எடுக்கும்போது கையில் சாதாரண வேதாகமமே இருக்கட்டும்.

9. நன்கொடையாக வரும் புத்தகங்கள்

அலமாரி என்று அறிவித்தவுடன் மூட்டை மூட்டையாக வரும். எங்களுக்கும் வந்தது. மறுக்கத் தயங்கி எல்லாவற்றையும் அடுக்கினோம். அதில் ஒன்று, இயேசு வரும் நாளைக் கணக்குப் போட்டுச் சொல்லும் புத்தகம். நாங்கள் படித்துப் பார்க்கவில்லை. ஒரு வாலிபர் அதை எடுத்துப் போய்ப் பாடமே நடத்திவிட்டார். அவர்மேல் தவறில்லை. சபை அலமாரியில் இருந்தால் சபை ஒப்புக்கொண்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். நன்கொடைப் புத்தகம் முதலில் ஒரு பெட்டிக்குப் போகும், ஆயரும் இன்னொருவரும் பார்த்த பிறகே பீரோவுக்கு வரும். இதைத் தருபவரிடம் முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை.

10. எண் கொடுப்பது

ஐம்பது புத்தகம் வரை எண் இல்லாமல் சமாளிக்கலாம் என்று தோன்றும். சமாளிக்க முடியாது, ஏனென்றால் எடுப்பவர் திரும்ப வைக்கும் இடம் தெரியாமல் மேலேயே போட்டுவிட்டுப் போவார்.

பொது நூலகங்களில் பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் டூயி முறையே இதற்குப் போதும். வேதாகமத்துக்கு 220. அதிலேயே அகராதிகள் 220.3, மொழிபெயர்ப்புகள் 220.5, விளக்கவுரைகள் 220.7, வரைபடம் 220.91. தனித்தனிப் புத்தகங்களுக்கான விளக்கவுரைகளில் ஆதியாகமம் 222.11, சங்கீதம் 223.2, ஏசாயா 224.1, மத்தேயு 226.2, ரோமர் 227.1, வெளிப்படுத்தின விசேஷம் 228. வேதாகமத்தின் வரிசையே ஏறக்குறைய இந்த எண்களிலும் வருவதால் பிள்ளைகள்கூடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

செல்லோடேப் வேண்டாம், இரண்டே மழைக்காலத்தில் மஞ்சளாகி உரிந்துவிடும். வெள்ளைத் தாள் சீட்டை பைண்டிங் பசையால் ஒட்டுங்கள். வரவுப் பதிவேட்டில் வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், வந்த தேதி, விலை அல்லது நன்கொடை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

11. வெளியே கொடுப்பதும் நகல் எடுப்பதும்

சொல்லடைவு, அகராதி, வரைபடம், ஒரு தொகுதி விளக்கவுரை ஆகிய நான்கும் வீட்டுக்குப் போகக்கூடாது. முதுகில் சிவப்புச் சீட்டு ஒட்டுங்கள். ஒருவர் வீட்டில் ஒரு மாதம் இருந்தால் மற்ற எல்லாருக்கும் அலமாரியே இல்லாத மாதிரி. யாருக்கும் விலக்கு வேண்டாம், ஆயருக்கும் சேர்த்துத்தான். தனிப் புத்தக விளக்கவுரைகளை இரண்டு வாரத்துக்குக் கொடுக்கலாம்.

வேலை முடிந்து ஆறு மணிக்குமேல்தான் ஜனங்கள் வர முடியும் என்பதால், வாரத்தில் ஒரு நாளாவது சாயங்காலம் திறந்திருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மட்டும் திறந்தால் அடுத்த வாரப் பாடத்துக்கு யாருக்கும் பயன்படாது.

நகல் எடுப்பதில் கவனம் தேவை. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். பார்க்லே 1978இல்தான் இறந்தார். மத்தேயு ஹென்றியின் ஆங்கில மூலம் யாருக்கும் சொந்தமல்ல, ஆனால் அதன் தமிழாக்கத்துக்கு மொழிபெயர்த்தவரின் உரிமை தனியாக இருக்கலாம். ஒரு முழுப் புத்தகத்தையே ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் செய்யும் பழக்கத்தைச் சபையில் ஆரம்பிக்காதீர்கள்.

12. மழைக்காலத்துக்கு முன்

ஜூன் தொடங்கி நான்கு மாதம் இங்கே சுவரே வியர்க்கும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அடியில் செங்கல் கொடுத்து உயர்த்துங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் காற்றுப் போகாது, பூசணம் பிடிக்கும். மழை இல்லாத நாளில் கதவை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

பூசணம் பிடித்த புத்தகத்தை உள்ளே வைத்துத் தட்டாதீர்கள், அது மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். நேர் வெயில் வேண்டாம், அட்டை வளைந்துவிடும். நிழலில் காற்றாட விரித்து வைத்தால் போதும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வைக்கிறோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.

13. ஒரு பாடத்தை இந்த அலமாரியை வைத்துத் தயாரிக்கும் வரிசை

மத்தேயு 20:1 முதல் 16 வரை, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். எஸ்டேட்டில் இதைவிட நன்றாகப் புரியும் உவமை இல்லை.

முதலில் எந்தத் துணை நூலும் இல்லாமல் மூன்று முறை வாசியுங்கள். உங்களுக்கு எழும் கேள்விகளை எழுதுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் பிறகு வரும் எல்லாமே அடுத்தவர் கேள்விக்கான பதில்களாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, திருவிவிலியத்தோடு ஒப்பிடுங்கள். "ஒரு பணம்" என்பது அங்கே தெனாரியம் ஆகியிருக்கும். மூன்றாவது, அகராதி. தெனாரியம் என்றால் நாள் கூலி. மணிக்கணக்கை உதயத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் மணி காலை ஒன்பது, ஆறாம் மணி நடுப்பகல், ஒன்பதாம் மணி மதியம் மூன்று, பதினோராம் மணி மாலை ஐந்து. கடைசியாக வந்தவர்கள் செய்தது ஒரு மணி நேர வேலை.

நான்காவது, ஒத்தவாக்கியங்களும் சொல்லடைவும். கூலி, கூலிக்காரன் என்ற சொற்களில் தேடினால் லேவியராகமம் 19:13, உபாகமம் 24:14, 15 கிடைக்கும். கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே, பொழுதுபோகுமுன் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை, ஏனென்றால் அவன் ஏழை. உவமையில் எஜமான் சாயங்காலமானதும் காரியக்காரனைக் கூப்பிடுவது ஏன் என்பது இப்போது தெரியும். முழு நாள் கூலி இல்லாவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை வகுப்பில் இருக்கும் அம்மாக்களே சொல்லுவார்கள்.

ஐந்தாவதுதான் விளக்கவுரை. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தது ஏன் என்ற கேள்வி இன்னும் நிற்கும். இரண்டு விளக்கவுரைகளையும் அந்தக் கேள்வியோடு திறந்து, ஒத்துப்போகும் இடத்தையும் வேறுபடும் இடத்தையும் உங்கள் தாளில் குறியுங்கள். வேறுபட்டால் வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம்.

முதல் முறை இதற்கு மூன்று மணி நேரம் ஆகும். பழகிய பிறகு ஒன்றரை மணி நேரத்தில் முடியும். எடுத்த புத்தகங்களை எண் பார்த்துத் திரும்ப வையுங்கள். பாடத்தின்போது யாராவது புதிய கேள்வி கேட்டால் அன்று இரவே நோட்டில் எழுதிவிடுங்கள், காலையில் கொழுந்துக்குப் போனால் மறந்துபோகும்.